கணிதமும் விஞ்ஞானமும் கலந்த பட்டம்: விண்ணப்பப் படிவத்திலிருந்து ஆய்வறிக்கை வரை

கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், புள்ளிவிபரவியல், புவிச்சரிதவியல், கணினி விஞ்ஞானம்: இவற்றில் மூன்றை ஒன்றாகக் கட்டிக்கொண்டு ஒரே பட்டமாகப் படிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளைப் பக்கத்துப் பாடசாலைகளில் தமிழ் மொழிமூலம் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு. நான் அந்தப் பாதையில் போய் வந்தவன், முடித்த பிறகு நாலு பெட்ச் தம்பி தங்கச்சிமாருக்குக் குப்பியும் (சீனியர்மார் ஜூனியர்மாருக்கு எடுக்கிற வகுப்பு) எடுத்திருக்கிறேன். வருடா வருடம் ஆட்கள் மாறுகிறார்கள், தடுக்கி விழுகிற கல் மட்டும் அதே இடத்தில் கிடக்கிறது. விழுகிறவர்களில் பாதிப் பேர் நல்ல கெட்டிக்காரப் பிள்ளைகள். இரண்டாவதாகச் செய்ய வேண்டியதை நாலாவதாகச் செய்திருப்பார்கள், அவ்வளவுதான். அதனால் கீழே உள்ள ஒழுங்கை மாற்றாமல் போங்கள்.

முன்கூட்டியே தேவைப்படுகிறவை அதிகமில்லை. தடித்த சீஆர் கொப்பி ஒன்று, விஞ்ஞானக் கணிப்பான் ஒன்று, சுமாரான ஆண்ட்ராய்ட் போன் ஒன்று. மடிகணினி இல்லையே என்று முதல் வருடம் கவலைப்பட வேண்டாம், அதை எப்படிச் சமாளிப்பது என்று மூன்றாம் பகுதியில் வருகிறது.

1. கைநூலைப் பேனையோடு வாசியுங்கள்

உயர்தரப் பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் வரும். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டத் திறமை, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே கொழும்பு நண்பனின் இசட் புள்ளியை (அனுமதிக்குப் பார்க்கிற உயர்தரப் புள்ளி) பார்த்து "நமக்குக் கிடைக்காது" என்று ஒரு வரியை வெட்டிவிடாதீர்கள். உங்கள் மாவட்டத்தின் போன வருட வெட்டுப்புள்ளியை மட்டும் பாருங்கள்.

இங்கே நடக்கிற பிழை எப்போதும் ஒன்றுதான். பொறியியலை முதல் வரிகளில் எழுதும்வரை வீடே சேர்ந்து யோசிக்கும். அதற்குக் கீழே வருகிற வரிகளை, விண்ணப்பம் மூடுவதற்கு முன் ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடுவார்கள். கடைசியில் கிடைப்பது அந்த ஐந்து நிமிடத்தில் எழுதிய ஒன்று. நீங்கள் போட்ட ஒழுங்கில், உங்கள் புள்ளிக்குக் கிடைக்கக்கூடிய முதலாவதைத்தான் தருவார்கள், ஆகவே கீழ் வரிகளுக்கும் அதே அளவு யோசனை வேண்டும்.

பெயர்களை வைத்து ஏமாறாதீர்கள். பேராதனையின் பௌதிக விஞ்ஞானம் போன்ற கற்கைநெறிக்குள் போனால் மூன்று பாடங்களை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். அதே பேராதனையில் புள்ளிவிபரவியலும் செயற்பாட்டு ஆய்வும் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதற்கு வேறு யூனி-கோட் (விண்ணப்பத்தில் எழுதுகிற கற்கைநெறிக் குறியீடு), வேறு வெட்டுப்புள்ளி. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானமும் தொழினுட்பமும், கனிய வளங்களும் தொழினுட்பமும் என்பவை பல துறைகளைக் கலந்து முன்கூட்டியே கட்டிவைத்த பட்டங்கள். முதல் வகையில் தெரிவு அதிகம், பிழைவிட இடமும் அதிகம். இரண்டாவது வகையில் பாதை போட்டிருக்கும், நடந்தால் போதும். எதுவென்று தீர்மானிக்காமல் யூனி-கோட் எழுத வேண்டாம்.

புள்ளி போதாவிட்டால் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது, அதற்குக் கண்டியில் பிராந்திய நிலையமும் உண்டு. வேலை செய்துகொண்டே படிக்கலாம். ஆனால் செய்முறை வகுப்புக்குப் பயணம் போகவேண்டி வரும், லீவு எடுக்க முடியாத வேலையில் இருப்பவர்கள் முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2. கடைசி வருடத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள்

பாடச் சேர்க்கையைத் தெரிவுசெய்யச் சொல்லும்போது எல்லோரும் முதலாம் வருடப் பட்டியலைப் பார்த்து, எது லேசு, எந்த சீனியர் அண்ணா என்ன சொன்னார் என்று யோசிப்பார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். பீடத்தின் பாடக் கைநூலில் நாலாம் வருடப் பக்கத்தைத் திறந்து, எந்த மாதிரிக் கேள்விக்கு விடை தேட உங்களுக்கு ஆசை என்று ஒன்றைப் பிடியுங்கள். பிறகு மாற்றினாலும் பரவாயில்லை, ஒன்று வேண்டும்.

நான் பிடித்தது மண்சரிவு. எங்கள் பக்கத்தில் அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. மண்ணின் வலிமைக்குப் புவிச்சரிதவியல் வேண்டும். மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதற்குப் பௌதிகவியல் வேண்டும். அந்த நீரோட்டத்தை எழுதுவதற்குப் பகுதி வகையீட்டுச் சமன்பாடு, பெருமழை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வரும் என்பதற்கு நிகழ்தகவு. சரி, இப்போது ஒவ்வொன்றுக்கும் முன்தேவை என்னவென்று கைநூலில் பார்த்து அம்புக்குறி போட்டுக்கொண்டே கீழே இறங்குங்கள். பகுதி வகையீட்டுச் சமன்பாட்டுக்கு முன் சாதாரண வகையீட்டுச் சமன்பாடு, அதற்கு முன் பல மாறிகளின் நுண்கணிதம், அதற்கும் முன் முதலாம் வருட நுண்கணிதம். மூன்று பாடத்திலும் இப்படி இறங்கி வந்தால் ஒரு தாள் நிறைய அம்புகள் இருக்கும். முதலாம் வருடத்தில் எதை விடக்கூடாது என்பதை அந்தத் தாளே சொல்லும்.

எங்கள் குப்பிக்கு வந்த தங்கச்சி ஒருவர், முதல் வருடத்தில் இரண்டு கிரெடிட் (பாடத்தின் கற்றல் அளவு, நாலாம் பகுதியில் வருகிறது) நிகழ்தகவுப் பாடம் ஒன்றை "விருப்பத்துக்குரியது தானே" என்று விட்டுவிட்டார். மூன்றாம் வருடம் அவருக்குப் பிடித்த பாடத்துக்குப் பதியப் போனால் அதுதான் முன்தேவை. மூன்றாம் வருடப் பிள்ளை, முதலாம் வருட வகுப்பின் கடைசி வாங்கில் போய் உட்கார வேண்டியதாயிற்று. விருப்பத்துக்குரியது என்ற சொல், அந்த வருடத்துக்கு மட்டும்தான் பொருந்தும்.

நேரசூசியையும் இப்போதே பாருங்கள். ஒரே துறையில் படிக்கிறவர்களுக்கு வகுப்பு மோதாமல் திணைக்களம் பார்த்துக்கொள்ளும். மூன்று திணைக்களத்தில் கால் வைத்திருக்கிற நமக்கு யாரும் பார்க்க மாட்டார்கள். செய்முறை வகுப்பு இரண்டு ஒரே பின்னேரத்தில் விழுந்தால் பதிவு மூடுவதற்கு முன் போய்ச் சொல்ல வேண்டும், மூடிய பிறகு சொன்னால் கேட்பார் இல்லை.

3. கம்பஸ் திறக்கும்வரை உள்ள மாதங்கள்

பெறுபேறு வந்து கம்பஸ் கூப்பிடுவதற்குள் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் டியூஷன் கொடுப்பதும் கடையில் நிற்பதும் நல்லதுதான், காசு தேவைப்படும். கூடவே மூன்று வேலை.

முதலாவது, மொழி. விஞ்ஞானப் பீடங்களில் படிப்பது ஆங்கிலத்தில். நாம் தாயம் என்று படித்தது அங்கே மேட்ரிக்ஸ், காவி வெக்டர், சார்பு ஃபங்ஷன், மடக்கை லோகரிதம், பரம்பல் டிஸ்ட்ரிபியூஷன். இவை பயப்படவேண்டிய சொற்களே இல்லை, இரண்டு வாரத்தில் பழகிவிடும். தடுக்கி விடுகிறவை நடுவில் வருகிற சின்னச் சொற்கள்: லெட், சப்போஸ், சச் தாட், ஹென்ஸ். அதிலும் 'இஃப் அண்ட் ஒன்லி இஃப்' என்று கேள்வியில் இருந்தால் இரண்டு பக்கமும் நிறுவவேண்டும். ஒரு பக்கத்தை அழகாக நிறுவிவிட்டுப் பாதிப் புள்ளியோடு திரும்பி வந்தவர்களை எண்ணி முடியாது, முதலாவது ஆள் நான். ஆகவே இணைந்த கணிதத்தில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த கணக்கையே ஆங்கில மொழிமூல வினாத்தாளில் எடுத்து, விடையை முழு வசனங்களாக எழுதிப் பாருங்கள். கணக்கு தெரிந்ததாக இருந்தால்தான் கவனம் மொழியில் நிற்கும்.

இரண்டாவது, பைதான் என்ற நிரல் மொழி. போனில் பைட்ராய்ட் என்ற செயலியைப் போட்டால் இணையம் இல்லாமலே எழுதி ஓட்டலாம், லயத்தில் சிக்னல் கிடைக்காதவர்களுக்கு இது பெரிய உதவி. சிக்னல் இருந்தால், இணையத்திலேயே பைதான் ஓட்டுகிற கூகுள் கொலாப், அதற்கும் போன் போதும். மூன்று மாதத்தில் மென்பொருள் எழுத வேண்டியதில்லை. ஒரு பட்டியல் எண்களைக் கொடுத்தால் சராசரி எடுக்கவும், ஒரு லூப் ஓட்டவும், ஒரு வரைபு வரையவும் தெரிந்தால் முதலாம் வருடத்துக்குத் தாராளம்.

மூன்றாவது, கை ஓயக்கூடாது. தினமும் ஐந்து வகையீடு, ஐந்து தொகையீடு. ஆறு மாதம் தொடாமல் விட்டால் கணக்கு விளங்கும், கை ஓடாது. பயோ படித்துவிட்டு இப்படிக் கலந்த பட்டத்துக்கு வருகிறவர்கள் இதை இரண்டு மடங்காகச் செய்யுங்கள். தூய கணிதப் பாடங்கள் பலவற்றுக்கு இணைந்த கணிதச் சித்தி கேட்பார்கள், உங்களுக்குத் திறந்திருக்கிற கதவு எது என்று பதிவுக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. கிரெடிட்டை மணித்தியாலமாக மாற்றுங்கள்

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். விரிவுரை, செய்முறை, சொந்தப் படிப்பு எல்லாம் சேர்த்து. செமஸ்டருக்கு 15 கிரெடிட் என்றால் 750 மணித்தியாலம். 15 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 50. நேரசூசியில் 22 மணித்தியாலம் மட்டும் தெரிகிறதே என்று மிச்ச நேரத்தை ஓய்வு என்று நினைப்பதுதான் முதலாம் செமஸ்டரில் ஆட்களைக் கவிழ்க்கிறது. அந்த 28 மணித்தியாலமும் ஏற்கனவே விற்றுப்போன நேரம்.

ஆகவே முதல் செமஸ்டரில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஹட்டன் பஸ்ஸில் ஏறாதீர்கள். கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை என்று வளைந்து வளைந்து வீடு போய்ச் சேர்ந்து, ஞாயிறு பின்னேரம் திரும்பி வந்து படுத்தால், வாரத்தில் பதினைந்து மணித்தியாலம் போய்விடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொஞ்ச நாள் கோபப்படுவார், அப்புறம் மாசிச் சம்பலும் ரொட்டியும் கட்டிக் கொடுத்து அனுப்புவார்.

மஹாபொல, பேர்சரி என்ற உதவித்தொகை இரண்டுக்கும் திகதி தவறாமல் விண்ணப்பியுங்கள். வருமானச் சான்றிதழுக்குக் கிராம சேவகரிடம் போகும்போது அப்பா அம்மா இருவருடைய சம்பளத் துண்டையும் கொண்டுபோனால் இரண்டாம் முறை நடக்க வேண்டியதில்லை. பணம் உடனே கைக்கு வராது, முதல் சில மாதச் செலவை வேறாக வைத்திருங்கள்.

5. கணிதம் விஞ்ஞானத்துக்கு முன்னால் ஓடவேண்டும்

கலந்த பட்டத்தில் யாரும் எச்சரிக்காத சிக்கல் இது. பௌதிகவியல் விரிவுரையாளர் வெப்ப இயக்கவியலைத் தொடங்கும்போது பகுதி வகையீட்டைக் கரும்பலகையில் எழுதிவிடுவார். கணிதத் திணைக்களம் அதை அடுத்த செமஸ்டரில்தான் கற்பிக்கும். இருவர் மேலும் பிழை இல்லை, அவரவர் பாடத்தை அவரவர் ஒழுங்கில் கொண்டுபோகிறார்கள். நடுவில் நிற்கிறவர் நீங்கள்.

ஆகவே நாலு கருவிகளை முதல் விடுமுறைக்குள் சொந்தமாகப் பழகிவிடுங்கள், நிறுவல் இல்லாமல், பாவிக்கிற அளவுக்கு மட்டும். அடுக்குக்குறிச் சார்பும் முதலாம் வரிசை வகையீட்டுச் சமன்பாடும் எல்லாப் பாடத்திலும் வரும். சிக்கலெண் இல்லாமல் ஆடலோட்டச் சுற்றுக் கணக்குகள் இழுபடும். தாயமும் ஐகன் பெறுமானமும் அலைவுகளிலும் குவாண்டத்திலும் புள்ளிவிபரவியலிலும் வேறு வேறு உடுப்பில் வரும்.

நாலாவது அந்தப் பகுதி வகையீடு. பெயரைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை, தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற தொட்டியை நினையுங்கள். கொழுந்தின் ஈரம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது காற்றின் வெப்பத்திலும் தங்கியிருக்கிறது, காற்றாடியின் வேகத்திலும் தங்கியிருக்கிறது. காற்றாடியை அப்படியே விட்டு, வெப்பத்தை மட்டும் கொஞ்சம் கூட்டினால் எவ்வளவு மாறும்? அது ஒரு பகுதி வகையீடு. வெப்பத்தை அப்படியே விட்டு, காற்றாடியைக் கூட்டினால்? அது மற்றது. ஒன்றை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை ஆட்டிப் பார்ப்பது, அவ்வளவுதான். வெப்ப இயக்கவியலில் அடைப்புக்குறிக்குக் கீழே சின்னதாக ஒரு எழுத்துப் போடுவார்களே, எதை அசையாமல் பிடித்திருக்கிறோம் என்று அது சொல்கிறது. அந்தச் சின்ன எழுத்தைக் கொப்பியில் எழுதாமல் விடுகிறவர்கள் பிறகு முழு அத்தியாயத்திலும் தொலைந்துபோவார்கள்.

6. மொழிபெயர்ப்புக் கொப்பி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். அந்த சீஆர் கொப்பி இதற்குத்தான். ஒரு பக்கத்துக்கு ஒரு சிந்தனை. அதை ஒவ்வொரு பாடமும் என்ன பெயரில் கூப்பிடுகிறது, எந்த எழுத்தில் எழுதுகிறது, எந்த அலகில் அளக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே துறை படிக்கிறவருக்கு இது தேவையில்லை. நமக்கு ஒரே ஆள் மூன்று வகுப்பில் மூன்று பெயரில் வருகிறார், அடையாளம் தெரியாவிட்டால் ஒரே பாடத்தை மூன்று தரம் படிப்போம்.

முதல் பக்கத்துக்கு நல்ல உதாரணம் அடுக்குக்குறித் தேய்வு. கதிரியக்கத்தில் அது லாம்டா என்ற தேய்வு மாறிலி. இரசாயனவியலில் முதலாம் வரிசைத் தாக்கத்தின் கே. மின்சுற்றில் தடையையும் கொள்ளளவத்தையும் பெருக்கினால் வருகிற நேர மாறிலி, அதாவது மற்ற இரண்டின் தலைகீழ். முதல் இரண்டிலும் அரைவாழ்வு 0.693 ஐ மாறிலியால் பிரித்தால் வரும். மின்சுற்றில் நேர மாறிலியை 0.693 ஆல் பெருக்கவேண்டும். ஒரு பக்கத்தில் இதை எழுதி முடித்துவிட்டால் மூன்று அத்தியாயம் முடிந்த மாதிரி.

எதிர்ப்பக்கமும் உண்டு, ஒரே பெயரில் வேறு வேறு ஆட்கள். கே என்ற எழுத்து போல்ட்ஸ்மன் மாறிலியாக வரும், வில்லின் மாறிலியாக வரும், தாக்கவீத மாறிலியாக வரும், அலையெண்ணாக வரும், பெரிய எழுத்தில் எழுதினால் மண்ணின் நீர் கடத்துதிறனாகவும் வரும். செவ்வன் என்றால் கேத்திர கணிதத்தில் செங்குத்து, புள்ளிவிபரவியலில் ஒரு பரம்பல். வரிசை என்றால் தாக்கத்தின் வரிசை ஒன்று, வகையீட்டுச் சமன்பாட்டின் வரிசை வேறொன்று. இவற்றைச் சிவப்புப் பேனையால் எழுதுங்கள்.

இனி நான் பட்ட பாடு. ஒரு செய்முறையில் 100 கிலோ ஓம் தடையும் 100 மைக்ரோ ஃபரட் கொள்ளளவியும் தந்தார்கள். நேர மாறிலி 10 செக்கன் வரவேண்டும். வோல்ட்டளவு குறைவதை அளந்து, மடக்கை எடுத்து, நேர்கோடு வரைந்து, சரிவிலிருந்து கணக்குப் பார்த்தேன். கோடு அவ்வளவு நேராக வந்தது, பெருமையாக இருந்தது. விடை 23 செக்கன். கொள்ளளவி பழுது, தடையில் நிறம் மங்கிவிட்டது, வோல்ட்மானி பழையது என்று அறிக்கையில் அரைப்பக்கம் காரணம் எழுதினேன். அறிக்கை திரும்பி வந்தபோது அந்த அரைப்பக்கத்துக்குக் குறுக்கே ஒரே கோடு, ஓரத்தில் 2.303 என்று ஒரே எண். எக்செலில் லாக் என்று அடித்தால் அது அடி பத்து மடக்கை. இயற்கை மடக்கைக்கு எல்என் என்று அடிக்க வேண்டும். பைதானிலோ, ஆர் என்ற புள்ளிவிபர மொழியிலோ லாக் என்று அடித்தால் அதுவே இயற்கை மடக்கை. முதல் வாரம் பைதானில் பழகிவிட்டு இரண்டாம் வாரம் எக்செலில் உட்கார்ந்தவன் வேறு என்ன செய்வான்? சரிவு 0.1 வரவேண்டிய இடத்தில் 0.0434 வந்தது, 2.303 மடங்கு குறைவாக. கோடு நேராக இருந்தது என்னைக் காப்பாற்றவில்லை, எந்த அடியில் மடக்கை எடுத்தாலும் அது நேராகத்தான் வரும்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் என் கொப்பி. முதல் பக்கத்தில் இப்போதும் மடக்கைதான் இருக்கிறது.

7. செய்முறை அறிக்கையை அன்றிரவே எழுதுங்கள்

இதற்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று திணைக்களத்தின் அறிக்கைகள் சேர்ந்தால் வாரம் இரண்டு மூன்று வரும், இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் பிறகு வாசிப்புகளில் எது எதுவென்று உங்களுக்கே தெரியாது.

வழு கணிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கணிப்பானில் நியம விலகலுக்கு இரண்டு தெரிவு இருக்கும், வாசிப்புகளின் எண்ணிக்கையால் பிரிப்பது ஒன்று, அதில் ஒன்று குறைத்துப் பிரிப்பது மற்றது. ஐந்து வாசிப்பு எடுத்தால் இரண்டுக்கும் கிட்டத்தட்ட 12 வீதம் வித்தியாசம். மாதிரியிலிருந்து மதிப்பிடுகிறோம் என்பதால் செய்முறைகளில் வழக்கமாக இரண்டாவதுதான் வேண்டும். புள்ளிவிபரவியலில் இதற்கு முழு நிறுவல் படித்துவிட்டு, அடுத்த நாள் பௌதிகவியல் லெப்பில் கைக்கு வந்த பொத்தானை அமத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வரவைப் பற்றியும் ஒரு சொல். பொதுவாக 80 வீதம் கேட்பார்கள். மழைக்குப் பாதை மூடி வர முடியாமல் போனால் திரும்பி வந்த அன்றைக்கே கடிதம் கொடுங்கள், செமஸ்டர் முடிவில் கொடுத்தால் சாட்டு மாதிரித் தெரியும்.

8. ஜிபிஏ கணக்கு, சிறப்புப் பட்டத் தெரிவு

ஜிபிஏ என்பது தரப்புள்ளிச் சராசரி. ஏ என்றால் 4.0, பீ 3.0, சீ 2.0. ஒவ்வொன்றையும் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் பிரிப்பது. ஒரு கிரெடிட் பாடத்தில் ஏ எடுத்து, மூன்று கிரெடிட் கணிதத்தில் சீ எடுத்தால் சேர்த்து 2.5 தான். ஆகவே பரீட்சைக்கு முந்திய வாரங்களைக் கிரெடிட் பாரத்தின்படி பிரியுங்கள், பிடித்த பாடத்தின்படி பிரிக்காதீர்கள். பெரும்பாலான பீடங்களில் ரிப்பீட் எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சீக்கு மேல் பதிய மாட்டார்கள். முதல் தரத்தில் எழுதுவது ஏன் முக்கியம் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

பொதுப் பட்டம் மூன்று வருடம், 90 கிரெடிட். சிறப்புப் பட்டம் நாலு வருடம், 120. சிறப்புக்கு வழக்கமாக இரண்டாம் வருட முடிவில் விண்ணப்பம் கேட்பார்கள். அந்தத் துறையில் எடுத்த கிரெடிட்டும் அதில் எடுத்த புள்ளியும் பார்ப்பார்கள். இரண்டாம் பகுதியில் வரைந்த அம்புத் தாளை ஒவ்வொரு செமஸ்டர் பதிவுக்கு முன்னும் வெளியே எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். இரண்டு கிரெடிட் குறைவதால் கதவு மூடுவது புள்ளி குறைவதால் மூடுவதைவிட வலிக்கும்.

9. ஆய்வுத்திட்டம்: ஊரிலிருக்கிற தரவில் தொடங்குங்கள்

நாலாம் வருட ஆய்வுக்குத் தலைப்புத் தேடி இணையத்தில் அலைகிறவர்கள் நிறைய. மலையகத்தில் இருந்து வருகிறவர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் விஷயம் இருக்கிறது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம், கண்டி ஹந்தானையில் அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவனம், மண்சரிவு என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். இவற்றுக்கு எழுதும்போது மேற்பார்வையாளரின் கடிதம், ஒரு பக்கத் திட்டம், என்ன தரவு வேண்டும் என்ற பட்டியல் மூன்றும் சேர்ந்து போகவேண்டும். "உங்களிடம் என்ன இருக்கிறது" என்று கேட்டு எழுதினால் பதில் வராது.

அதற்கும் முன் உங்கள் தோட்ட ஆபிசைப் பாருங்கள். பல தோட்டங்களில் தினமும் மழை அளந்து எழுதுகிற பதிவேடு இருக்கும். எங்கள் தோட்டத்துப் பதிவேட்டைத் துரையிடம் (தோட்ட முகாமையாளர்) கடிதம் கொடுத்து அனுமதி வாங்கி, ஆபிஸ் ஐயாவின் மேசையில் வைத்தே பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்தேன். தரவு கிடைத்துவிட்டது, இனி கணிதம்தான் என்று நினைத்தேன். கணிதத்துக்குப் போக இரண்டு மாதம் ஆனது, காரணம் கீழே.

முதலாவது அலகு. பழைய பக்கங்கள் அங்குலத்தில், புதிய பக்கங்கள் மில்லிமீற்றரில். எந்த மாதத்தில் மாறியது என்று எங்கும் எழுதியில்லை. 3.10 என்று ஒரு நாள் இருந்தால் அது தூறலா, 78.7 மில்லிமீற்றர் கொட்டிய மழையா? பக்கத்து நாட்களையும், தசம எண் எழுதியிருக்கிற விதத்தையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது வெற்றுக் கட்டம். மழை இல்லாத நாளா, அளக்காத நாளா? இரண்டையும் பூச்சியம் என்று அடித்துவிட்டால் சராசரி பொய் சொல்லும். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. கிழமை வாரியாகச் சராசரி எடுத்துப் பார்த்தபோது திங்கட்கிழமை மட்டும் மற்ற நாட்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மழை. வானத்துக்குத் திங்கட்கிழமை தெரியாது. ஞாயிறு யாரும் அளக்கவில்லை, திங்கள் காலை இரண்டு நாள் தண்ணீரையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், மண்சரிவு எச்சரிக்கைக்கு 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்று எல்லைகள் இருக்கின்றன. இரண்டு நாள் மழையை ஒரு நாளாக எண்ணினால் நடக்காத அபாய நாட்கள் உங்கள் வரைபில் முளைக்கும்.

தரவைச் சுத்தம் செய்த பிறகுதான் மாதிரி. மிக எளிமையானதில் தொடங்குங்கள்: ஒட்டும் தன்மையும் வேரும் இல்லாத மண், நீளமான சீரான சரிவு. பாதுகாப்புக் காரணி என்றால், மண்ணைப் பிடித்து நிறுத்துகிற விசை கீழே இழுக்கிற விசையைப்போல எத்தனை மடங்கு என்பது. காய்ந்த மண்ணுக்கு அது மண்ணின் உராய்வுக் கோணத்தின் தாஞ்சனைச் சரிவின் தாஞ்சனால் பிரித்தது. உராய்வுக் கோணம் 32 பாகை, சரிவு 25 பாகை என்றால் 0.625 ஐ 0.466 ஆல் பிரிக்க 1.34. ஒன்றுக்கு மேல், ஆகவே நிற்கும். அதே மண் மேற்பரப்பு வரை நீர் நிறைந்து, நீர் சரிவுக்குச் சமாந்தரமாக ஓடினால், மிதப்பால் குறைந்த எடையையும் முழு எடையையும் பார்க்கவேண்டும். ஈரமண்ணின் கனமீற்றர் எடை 19 கிலோநியூட்டன், நீர் 9.8. மிச்சம் 9.2, அது 19 இல் 0.48. காரணி 0.65 க்கு இறங்கிவிடும். கிட்டத்தட்டப் பாதி. வெயில் காலம் முழுக்க அசையாமல் நின்ற மலை ஒரு மழையில் ஏன் வருகிறது என்பது இந்த ஒரு வகுத்தலுக்குள் இருக்கிறது. ஒட்டும் தன்மை, வேர், நீர் இறங்க எடுக்கும் நேரம் எல்லாவற்றையும் பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்த்தால், விடை பிழைக்கும்போது எது பிழை என்று கண்டுபிடிக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. ஊரில் ஆய்வு செய்தால் ஊர்க்காரர்கள் வந்து கேட்பார்கள், "தம்பி, எங்க லயத்துக்குப் பயமில்லையே?" கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று நடந்த மண்சரிவை மறந்தவர்கள் இங்கே யாரும் இல்லை. ஒரு பட்டப்படிப்பு மாணவரின் எளிய மாதிரியை வைத்துக்கொண்டு பயமில்லை என்று வாய் திறக்காதீர்கள். நிலத்தில் வெடிப்போ, சாய்ந்த மரமோ, திடீரென்று கலங்கி வருகிற ஊற்றோ கண்டால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் கிராம சேவகருக்கும் அறிவியுங்கள். அதிகாரமும் அளவீடும் அவர்களிடம் இருக்கிறது.

அறிக்கை கட்டி முடித்ததும் ஒரு பிரதியைத் தோட்ட ஆபிசுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் கொடுத்தபோது ஐயா புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, நான் இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டார். பதிவேட்டைத் திறந்து அந்த மாதப் பக்கத்தின் தலையில் மி.மீ. என்று எழுதச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் அளக்கவில்லை என்றால் ஒரு குறுக்குக்கோடும்.